பச்சை முடியும் இடம்

வெளியூர்க்காரர்கள் திண்டுக்கல்லில் இறங்கினால் முதலில் பிரியாணிக் கடையைக் கேட்பார்கள், அடுத்து கொடைக்கானல் பஸ்ஸைக் கேட்பார்கள். மலைமேல் ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, குளிர் இருக்கிறது. நானும் என் மகளும் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. மலைக்குக் கீழே, இந்தச் சமவெளி வெயிலிலேயே, ஆழமான தண்ணீர் எங்கெங்கே இருக்கிறது என்று தேடி மூன்று நாள் சுற்றினோம். வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கே திரும்பிய பயணம்தான். என்றாலும் நான் போன பயணங்களில் தொலைவானது இதுதான்.

அபிராமி எங்களுக்கு ஒரே பெண். ஐரோப்பாவில் பனிமலை அடிவாரத்தில் இருக்கும் ஓர் ஆழமான ஏரியில் ஆராய்ச்சி செய்கிறாள். தண்ணீருக்குள் முளைக்கும் செடிகள் எப்படி ஒரு ஏரியின் மீன் கூட்டத்தையே தீர்மானிக்கின்றன என்பது அவள் பாடம். உறவினர்களிடம் "மீன் படிப்பு" என்று சொல்லிவைத்திருக்கிறோம். சில மாதங்களுக்கு முன் அந்த ஏரியில் முக்குளித்துக்கொண்டிருந்தபோது அவள் காலைச் செடி பிடித்துக்கொண்டது. வேகமாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக் குமிழிகள் ஏறி, காற்றழுத்த அறைக்குள் படுக்கவைத்துக் காப்பாற்றினார்கள். நான் திண்டுக்கல் பேகம்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அதற்கான படிப்பு படித்தவன். ரத்தத்தில் குமிழி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

எங்களுக்கு விசா கிடைப்பதற்குள் அவள் எழுந்து நடந்துவிட்டாள். பிறகு விடுப்பில் ஊருக்கு வந்தாள். அங்குள்ள மருத்துவர்கள் இனி தண்ணீரில் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவள் குளிக்கும்போது செம்பின் சத்தம் நின்றால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பேன். மறுபடி சத்தம் கேட்டால் உட்காருவேன்.

ஆராய்ச்சியைத் தொடர்கிறாளா இல்லையா என்று அவள் பேராசிரியருக்கு மாத முடிவில் பதில் சொல்லியாக வேண்டும். "நான் என்ன பண்றேன்னு உங்களுக்குக் காட்டுறேன், வாங்கப்பா" என்று அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். என் மனைவி செல்வி வாசல் வரை வந்து, மகள் செருப்பு மாட்டுகிற நேரத்தில், என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "தண்ணில கால வைக்க விடாதீங்க. இனிமே போகலன்னு ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க." நான் தலையாட்டினேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நானும் கிளம்பினேன்.

முதல் நாள் ஆத்தூர் அணை. எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் தாய்வீடு. சின்னாளபட்டியைத் தாண்டும்போது சாயம் தோய்த்த நூலை வரிசையாகக் கம்புகளில் உலர்த்தியிருந்தார்கள். பச்சை நூலைப் பார்த்ததும் அபி ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். அவளுடைய ஏரியின் ஓரமும் மேலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமாம், பச்சையாக ஒரு கரை, அதற்கப்பால் ஒரேயடியாகக் கறுப்பு. செம்பட்டியில் இறங்கி பன்னீர் திராட்சை வாங்கினோம். விதையை எங்கே துப்புவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் பழக்கம். நான் ரோட்டோரம் துப்பிக் காட்டிய பிறகுதான் ஊருக்கு வந்தாள்.

அணையில் மீன் பிடிப்பவர்களிடம் பேசி ஒரு பரிசலில் இடம் வாங்கினோம். அபி பையிலிருந்து ஒரு சில்வர் தட்டை எடுத்தாள். ஓரத்தில் துளை போட்டு மூன்று கயிறு கட்டியிருந்தது. செல்வியின் அண்ணன் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த தட்டு, நடுவில் அவர் பெயர் வெட்டியிருக்கும். பரிசல் ஓட்டியவர் கரையிலிருந்த கூட்டாளியைப் பார்த்து, "ஏலே, தட்டுக் கழுவ நடு அணைக்குப் போறாகடா" என்றார்.

தட்டைத் தண்ணீருக்குள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கயிற்றில் பார்க்க வேண்டும். வெளிச்சம் எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதற்கு அது அடையாளம். அந்த ஆழத்துக்கு இன்னும் கொஞ்சம் கீழே வரைக்கும்தான் செடி முளைக்கும். அதற்கும் கீழே இருட்டு. எவ்வளவு பெரிய, எவ்வளவு ஆழமான ஏரியாக இருந்தாலும் செடிக்குக் கிடைப்பது ஓரத்தில் ஒரு வளையம் மட்டும்தான். "மாமா தெரியுறாரா?" என்று அபி கேட்டுக்கொண்டே கயிற்றை விட்டாள். நான் ஒரு கையால் பரிசலையும் இன்னொரு கையால் அவள் துப்பட்டாவையும் பிடித்திருந்தேன். கொஞ்ச ஆழத்திலேயே மாமா மறைந்துபோனார்.

அணையில் அந்த வளையம் இல்லை. மழைக்கு ஏறி, கோடைக்கு இறங்கி, தண்ணீர் ஓரிடத்தில் நிற்காததால் கரையோரச் செடிக்கு வேர் பிடிக்க நேரமில்லை. வெறும் சேறு. அதனால் இங்கே பிறந்து வளர்கிற மீன் குறைவு. குஞ்சாகக் கொண்டுவந்து விடுகிற கட்லாவும் ரோகுவும், எங்கே விட்டாலும் பிழைக்கிற ஜிலேபியும்தான் அதிகம். கரையில் ஒரு தகரக் கொட்டகையில் அந்த ஜிலேபியைத்தான் மிளகாய் தடவிப் பொரித்துக் கொடுத்தார்கள். வெஞ்சனமாக வெங்காயம் மட்டும். அபி முள்ளைச் சுத்தமாக உறிஞ்சி வைத்தாள். அவள் ஏரிக்கரையில் மீன் வாங்கினால் முள்ளே இல்லாமல் தருவார்களாம், சாப்பிடுவது மீன்தானா என்றே சந்தேகம் வருமாம். சாப்பிட்டு முடித்ததும் கேட்டுவிடலாம் என்றிருந்தேன். அவள் இரண்டாவது மீன் கேட்டாள். நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் நிலக்கோட்டை பஸ். எங்களோடு ஏறியதில் மனிதர்களைவிட மல்லிகைப்பூச் சாக்குகளே அதிகம். ஈரச் சாக்கின் வாசனையில் எனக்குத் தலை சுற்றியது. பாதி வழியில் பஸ் ஒருமுறை குலுங்கி, பெருமூச்சு விட்டு நின்றது. டிரைவர் இறங்கி எஞ்சினைப் பார்த்தார், கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். பூக்காரப் பெண்மணி ஒருவர் இரண்டு பேரையும் பார்த்து, ஆள் வாடினால் பரவாயில்லை, பூ வாடினால் யார் பதில் சொல்வது என்று சத்தம் போட்டார். செத்த நேரத்தில் பின்னால் வந்த வேனை மறித்துச் சாக்குகளை ஏற்றிவிட்டார்கள். மனிதர்களுக்கு அந்த அவசரம் யாரும் காட்டவில்லை.

வேனுக்குக் காத்திருந்தபோது அந்த அம்மாள் அபியிடம் என்ன படிப்பு என்று விசாரித்திருந்தார். "மீனப் படிக்கவா அம்புட்டுத் தூரம் போன? எங்க ஊரு கண்மாய்க்கு வந்திருந்தா நானே சொல்லித் தந்திருப்பேன்ல" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனியச் சொல்லி ஒரு முழம் பூவை வைத்துவிட்டார்.

அந்தக் கண்மாய்க்கே நடந்தோம். நடுவில் ஆழமான மடு இருக்கிறது என்று சொன்னார்கள், ஆனால் தண்ணீரையே காணோம். கரையிலிருந்து கரைவரை ஆகாயத்தாமரை. இதுவும் செடிதானே, இது மீனுக்கு நல்லதில்லையா என்று கேட்டேன். அபி கம்பால் செடியை விலக்கிக் காட்டினாள். உள்ளே கறுப்புத் தண்ணீர். மேலே மிதக்கிற செடி வெளிச்சத்தை எல்லாம் தானே எடுத்துக்கொள்வதால், அடியில் முளைக்கிற செடி செத்துப்போகும், மூச்சுக் காற்றும் குறைந்துபோகும். பிழைப்பது, வாயை மேலே நீட்டிக் காற்றுக் குடிக்கத் தெரிந்த விராலும் கெளுத்தியும்தான்.

பஸ் சரியாகும்வரை ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் தன் ஏரியைப் பற்றிச் சொன்னாள். ஆழத்தில் கம்பளம் விரித்தது போல் குட்டையான செடிகள். அதற்கு மேலே, கரைக்குக் கொஞ்சம் பக்கத்தில், ஆள் உயரத்துக்கும் அதிகமாக நிற்கும் செடிகள். அவற்றின் இலையில்தான் பல மீன்கள் முட்டையை ஒட்டிவைக்கும். உள்ளே குஞ்சுகள். வெளி ஓரத்தில் நீள மூக்குள்ள ஒரு பெரிய மீன் ஆடாமல் அசையாமல் காத்திருக்கும். ஒரே அடர்த்தியாகச் செடி இருந்தால் பெரியது பட்டினி, செடியே இல்லையென்றால் சின்னது காலி. கொஞ்சம் திறப்பும் கொஞ்சம் மறைவுமாக இருந்தால்தான் இரண்டும் பிழைக்கும். நடு ஏரி எத்தனை ஆழமாக இருந்தாலும் இந்த ஓரம் கெட்டால் பாதி மீன் இல்லை. சொல்லும்போது அவள் கைகள் தண்ணீருக்குள் இருப்பது போலவே அசைந்தன. நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் செடிகளில் ஒன்றுதான் அந்தக் காலைப் பிடித்தது. அன்றும் நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கன்னிவாடிப் பக்கம். கல் வெட்டி முடித்து விட்டுப்போன ஒரு குவாரியில் பல வருஷமாகத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, மூன்று பனை ஆழம் இருக்கும் என்று என் கடைக்கு மாத்திரை வாங்க வருகிற ஒருவர் சொல்லியிருந்தார். இந்தச் சமவெளியில் அவள் ஏரியைப் போல இருக்கக்கூடியது அது ஒன்றுதான் என்று அபி ஆசையோடு வந்தாள். ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடும் ஒரு ஆட்டுக்குட்டியோடும் போனோம். குட்டி வழியெல்லாம் என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டு வந்தது.

செங்குத்தான பாறைச் சுவர்கள். ஒரு பக்கம் மட்டும் லாரி இறங்கிய சரிவு. அந்தச் சரிவில் ஒருவர் நின்று, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் வீசி இழுத்துக்கொண்டிருந்தார். கொக்கிகளில் பாசி கொத்தாக வந்தது. பக்கத்தில் ஏற்கனவே காய்ந்த குவியல்கள். என் வயதுதான் இருக்கும் அவருக்கு.

பெயர் முருகேசன். மொச்சையும் மக்காச்சோளமும் போடுகிற விவசாயி. அவர் மகன் கல்லூரியில் படித்தவன், போன வருஷம் கூட்டாளிகளோடு குளிக்க வந்து இங்கேயே போய்விட்டான். எடுத்தபோது கணுக்காலில் பாசி சுற்றியிருந்ததாம். அன்றிலிருந்து வேலை இல்லாத பொழுதெல்லாம் வந்து பாசியை இழுக்கிறார். முதலில் ஊரே டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துப் பெரும்பகுதியை எடுத்துவிட்டது. மறுபடி முளைப்பதை இவர் தனியாக எடுக்கிறார். இதையெல்லாம் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாக இழுத்தோம். ஒவ்வொரு கொத்து வெளியே வந்து விழும்போதும், யாருக்கோ கணக்குத் தீர்த்தது போல எனக்கு நெஞ்சு லேசானது. என் உள்ளங்கை எரிந்தது. அது நன்றாக இருந்தது.

திரும்பிப் பார்த்தபோது அபி நாங்கள் இழுத்துப்போட்ட ஈரக் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பாசிக்குள்ளிருந்து நகம் அளவுக் கெண்டைக்குஞ்சுகளைப் பொறுக்கி, மாமாவின் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் விட்டுக்கொண்டிருந்தாள். தட்டு நிறைந்ததும் கொண்டுபோய்த் தண்ணீரில் சாய்த்தாள். முருகேசன் கயிறு இழுப்பதை நிறுத்திவிட்டார்.

"தண்ணிப் படிப்புப் படிச்ச புள்ளைன்னு ஒங்கப்பா சொல்றாரு," என்றார். "நீயே சொல்லு தாயி. பாசிதான எம்மகனப் பிடிச்சு இழுத்துச்சு?"

ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவளைப் பார்த்தேன்.

"உங்க மகனுக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுய்யா. தெரிஞ்ச மாதிரி பேசக் கூடாது. என் காலையும் பாசி பிடிச்சுச்சு. அதச் சொல்லவா?"

அவர் பாறையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இத்தனை மாதத்தில் செடி காலைப் பிடித்தது என்பதற்கு மேல் எங்களிடம் அவள் எதுவும் சொன்னதில்லை. நாங்களும் அதற்கு மேல் கேட்கப் பயந்தோம்.

செடிகள் முடிகிற ஓரத்தில் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாளாம். நீளமான தண்டு ஒன்று காலில் மாட்டிய துடுப்பில் சுற்றியது. "அது இழுக்கல. அதுக்கு இழுக்கத் தெரியாது. நான்தான் இழுத்தேன். இழுக்க இழுக்க இன்னும் நாலு சுத்து சுத்துச்சு. கூட வந்தவ அசையாம இருன்னு கையக் காட்டினா. எனக்கு அது கண்ணுல படுது, புத்தில ஏறல. அத்துக்கிட்டு மேல ஓடினேன். மெதுவா வந்திருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

எதிர்ச் சுவரில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து எழுந்து போனது.

"அவன் நல்லா நீந்துவான் தாயி," என்றார் முருகேசன்.

"நானும் நல்லா நீந்துவேன்யா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசிப்பவர் போல, உள்ளே ரொம்பப் பயமாக இருந்ததா என்று கேட்டார்.

"பயமாத்தான் இருந்துச்சு," என்றாள் அபி. "ஆனா அதுக்கு முந்தி வரைக்கும் அம்புட்டு அழகா இருந்துச்சு. வெயில் உள்ள விழுது, செடியெல்லாம் ஒரே பக்கமாச் சாயுது, குஞ்சுக நடுவுல மினுக்கு மினுக்குன்னு போகுது. அந்தப் பயம் கொஞ்ச நேரந்தான்யா."

அவர் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் ஊர்ப்பேச்சில் பேசி நான் கேட்டுப் பல வருஷமாகிறது.

அதற்குள் துணி துவைக்க வந்திருந்த ஒரு பெண் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். அவராகவே சொன்னார். "முன்னெல்லாம் மேல இருந்து பாத்தாலே பச்ச தெரியும். பச்ச வரைக்கும் கழுத்தளவு, பச்ச முடிஞ்சா ஆள முழுங்குற கசம்னு சின்னதுககூடத் தெரிஞ்சு வச்சிருக்கும். இப்ப எல்லாம் ஒண்ணு போலக் கலங்கிக் கிடக்கு. எது எங்க முடியுதுன்னே தெரியல."

அபி தட்டை இறக்கிப் பார்த்தாள். கலங்கலில் முழங்கை ஆழத்திலேயே மறைந்தது. செடி இருந்தவரை சேற்றைப் பிடித்துவைத்துத் தண்ணீரைத் தெளியவைத்திருக்கும் என்றாள். கல் வெட்டியவர்கள் படிபோல விட்டுப்போன அகலமான முதல் பாறைத்தட்டு தண்ணீருக்குள் எங்கோ முடிகிறது. அந்தப் படியில்தான் வெளிச்சம் விழுந்திருக்கிறது, அதில்தான் பாசி முளைத்திருக்கிறது, அதில்தான் குஞ்சுகள். அதைத் தாண்டினால் மூன்று பனை. பயந்துபோய் ஊர் பிடுங்கி எறிந்தது அந்த எல்லையைத்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சற்று முன்பு செய்துகொண்டும் இருந்தேன்.

முருகேசன் எழுந்து சரிவைப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்குகிற பக்கம் அது. பாசி மறுபடி முளைக்க எத்தனை மாதம் என்று கேட்டார். அடுத்த மழைக்குள் வந்துவிடும், பிடுங்காமல் விட்டால் போதும் என்றாள். அதுவரைக்கும் என்ன செய்வது என்றார். படி முடிகிற இடத்தில் கயிறு கட்டிக் காலி கேன்களை மிதக்கவிடலாம் என்றாள். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் பழைய எண்ணெய்க் கேன்களைக் கொண்டுவந்தார். நைலான் கயிறு முருகேசனிடம் இருந்தது. தண்ணீருக்குள் போய்ப் படியின் விளிம்பைத் தேடிக் கட்டுகிற ஆள் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. முருகேசன் மகன் போன நாளிலிருந்து முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

அபி என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள்.

துப்பட்டாவை அவளே இடுப்பில் முடிந்துகொண்டாள். அதற்கு மேல் கயிற்றை நான் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை. முருகேசன் என் கையை விலக்கிவிட்டு மாடு கட்டுகிற முடிச்சாகப் போட்டுத் தந்தார். இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் நின்றோம். அவள் ஒரு கம்பால் தரையைத் தட்டித் தட்டி உள்ளே நடந்தாள். முழங்கால், இடுப்பு, மார்பு. கயிறு விறைத்தது. நான்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

"கொஞ்சம் விடுங்கப்பா," என்றாள், திரும்பாமல்.

விட்டேன். அவள் விளிம்பைக் கண்டுபிடித்து, கல் கட்டிய கேன்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்தாள். இரண்டு முறை தலையை உள்ளே விட்டு எடுத்தாள். இரண்டு முறையும் முருகேசன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்தபோது அவள் முகத்தில் சின்ன வயதில் மழையில் நனைந்துவிட்டு வருகிற சிரிப்பு இருந்தது. இந்த விடுப்பில் நான் அதை ஒரு முறைகூடப் பார்த்திருக்கவில்லை. கணுக்காலில் ஒரு துணுக்குப் பாசி ஒட்டியிருந்தது. அவள் குனியவில்லை, முருகேசன்தான் குனிந்து விரலால் எடுத்து, செத்த நேரம் பார்த்துவிட்டு, தண்ணீரிலேயே போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அபி ஈரத் துணியோடு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வேடசந்தூர்ப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் முன் சீட்டில் தக்காளி விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஊர் நெருங்கும்போது செல்வி போன் செய்தாள்.

"என்னங்க, கேட்டீங்களா?"

"வர்ற வழில மிளகாய் வத்தல் வாங்கிட்டு வரவா?" என்றேன். "போறப்ப அவளுக்குப் பொடி திரிச்சுக் குடுக்கணும்ல."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது. அது அடங்கும்வரை நான் போனை வைக்கவில்லை.

"போன தடவ உறைக்கவே இல்லன்னு சொன்னா," என்றாள். "நல்லா காரமா இருக்கறதாப் பாத்து வாங்குங்க."